பூச்சு வேலைக்கு முன் ஒரு பைப்

வீடு கட்டித் தரும் மேஸ்திரிகளுக்கும், வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும், சின்ன மனைகளுக்குப் படம் போட்டுத் தரும் பொறியாளர்களுக்கும்,



நீங்கள் வேலையை முடித்துச் சாவி கொடுத்த பிறகு அந்த வீடுகளுக்குள் நுழைகிறவன் நான். வாசல்வரை வந்த இணைய இணைப்பை எல்லா அறைகளுக்கும், எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது என் தொழில். பால் காய்ச்சிக் குடிவந்த சில வாரங்களில் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஹாலில் பறக்கிற நெட் பின்கட்டுப் படுக்கையறையில் தவழ்கிறது, மாடியில் சுத்தமாக இல்லை என்கிறார்கள். எந்தச் சுவரில் வயர் கொண்டுபோகலாம் என்று பார்ப்பேன். எங்கும் வழி இருக்காது. புதுப் பெயின்ட் அடித்த சுவரை மறுபடி வெட்ட எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது. வெட்டச் சொல்ல எனக்கும் வராது. கடைசியில் கதவு நிலையோரமாக ஆணி அடித்து, வெள்ளை வயரை வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டு வருவேன். நீங்கள் அவ்வளவு அக்கறையாகத் தேய்த்து மட்டம் பார்த்த சுவர் அது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மின்சாரத்துக்காகச் சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் அதே நாளில், ஒவ்வொரு அறைக்கும் நெட் வயருக்கென்று தனியாக ஒரு பைப் பதித்துவிடுங்கள். வயர் இப்போதே இழுக்க வேண்டும் என்றுகூட இல்லை. வழி இருந்தால் போதும்.

“இப்பத்தான் எல்லாம் வைஃபை ஆச்சே, வயர் எதுக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்பார். நீங்களும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த வேலையை உங்கள் தலையில் கட்ட நான் விரும்பவில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு மோடம். 2004-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. அதைப் பகிர்ந்துகொள்ளவும் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டர் இருந்த சில வீடுகளில், 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இருந்த இணைப்புப் பகிர்வு வசதியைப் பயன்படுத்தினார்கள். மோடம் இருக்கிற கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த கம்ப்யூட்டருக்கு நெட் வரும். அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்தால் தம்பிக்கும் போய்விடும். பிறகு அந்த வேலையைத் தனியாக ஒரு சின்னப் பெட்டி எடுத்துக்கொண்டது. ரவுட்டர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்தப் பெட்டி செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகத்தில் இணையத்துக்குப் போட்ட பழைய முகவரி முறையில் ஏறக்குறைய 430 கோடி எண்கள்தான் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுக்கப் போதாது. வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க மையத்தில் வைத்திருந்த இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இந்த நெருக்கடி வரும் என்று முன்பே உணர்ந்து, 1994-இல் எகிவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். வெளியே ஒரே முகவரி. உள்ளே எத்தனை கருவி வேண்டுமானாலும் இருக்கட்டும். எந்தக் கருவி எதைக் கேட்டது என்று வாசலில் இருக்கும் பெட்டி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, பதில் வரும்போது உரியவரிடம் சேர்க்கும். உங்கள் போனின் வைஃபை விவரத்தில் 192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த உள்வீட்டு எண். அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது.

ஆக, பத்துக் கருவிகள் ஒரே இணைப்பைப் பகிர்வதில் ரவுட்டருக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் ரவுட்டருக்கும் அறைக்கும் இடையில் இருக்கிறது. அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது.

வைஃபை காற்றில் போகிற ரேடியோ அலை. வீடுகளில் முக்கியமாக இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், சுவரைத் தாண்டி ஓரளவு போகும், வேகம் குறைவு, பக்கத்து வீடுகளோடு நெரிசலும் அதிகம். ஒன்றின் மேல் ஒன்று விழாத தடங்கள் அதில் மூன்றே மூன்றுதான். தெருவில் ஒட்டி ஒட்டி இருபது வீடு இருந்தால் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவான நீளம். நல்ல வேகம், ஆனால் சுவரைக் கண்டால் துவண்டுவிடும்.

நீங்கள் கட்டுவதோ உறுதியான வீடு. வெளிச்சுவர் ஒன்பது இஞ்சு, உள்சுவர் நாலரை இஞ்சு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் வெயிலுக்கும் மழைக்கும் அப்படித்தான் கட்ட வேண்டும். ஆனால் அதே உறுதிதான் அலையைத் தின்கிறது. கான்கிரீட் உறிஞ்சுகிறது, கம்பி திருப்பி அடிக்கிறது, குளியலறைச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய் தன் பங்குக்குத் தடுக்கிறது. அதன் பிறகு வீட்டுக்காரர் ஒரு இரும்பு பீரோவைக் கொண்டுவந்து சரியாக ரவுட்டருக்கும் படுக்கைக்கும் நடுவில் நிறுத்துவார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். தூரத்து அறையில் இருக்கும் கருவிக்கு அலை பலவீனமாகப் போவதால், அதனோடு மெதுவாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. அதே அளவு தகவலுக்கு அது அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பின்னறையில் ஒரு டிவி தடுமாறினால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பும் சேர்ந்து தாமதிக்கும். “100 எம்பிபிஎஸ் காசு கட்டுறேன், இப்படி இழுக்குதே” என்று வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். கம்பெனிக்காரர் வந்து மோடத்தில் நேராகச் சொருகி அளந்து பார்ப்பார். 100 முழுசாக வரும். அவர் சொல்வதும் உண்மை, வீட்டுக்காரர் படுவதும் உண்மை. அதன்பின் வீட்டுக்காரர் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவார். படுக்கையறையில் எதுவும் மாறாது. மாதாமாதம் போகிற காசு அது.

சிலர் ரிப்பீட்டர் வாங்கி நடுவில் மாட்டுகிறார்கள். ஒரே ரேடியோ வைத்த சாதாரண ரிப்பீட்டர், வந்ததைக் கேட்டு அதே தடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். வேகம் பாதியாவது அதனால்தான். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது உதவும். வழி வைத்துக் கட்டிய வீட்டுக்குத் தேவையில்லை.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் இதை யோசிக்காமல் விட்டதே இல்லை. தெருவிலிருந்து வருவது ஒரே இணைப்பு. சம்ப், மோட்டார், மேலே தொட்டி, அங்கிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் அடுப்படிக்கும் தனித்தனிக் குழாய் என்று தளம் போடும் முன்பே கணக்குப் போட்டுவிடுகிறீர்கள். இணையத்துக்கும் தெருவிலிருந்து ஒரு இணைப்பு வருகிறது. அதைப் பிரிக்கிற பெட்டி வருகிறது. குழாய் மட்டும்தான் வரவில்லை.

புதிதாக எதையும் கற்கச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தபோது ஹால் சுவரில் அதற்கென்று தனிப் பைப் விட ஆரம்பித்தவர்கள் நீங்கள்தான். போன் வயருக்கும் விட்டீர்கள். பெரிய கட்டடங்களுக்கு இப்போது விதிமுறையும் வந்துவிட்டது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இணைய வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் முறையை 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அறிவித்தது. அடுக்குமாடி கட்டும் நிறுவனங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டரை சென்ட் மனையில், கடன் வாங்கி, நகை வைத்துக் கட்டுகிற வீட்டுக்கு எந்த நட்சத்திரமும் வராது. அங்கே விதிமுறை நீங்கள்தான். 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டம் தமிழ்நாட்டில் நடக்கிறது. நகரத்து வீடு, கிராமத்து வீடு என்ற வித்தியாசம் இதில் இனி இருக்காது.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் பெட்டிக்கு இடம் குறியுங்கள். கண்ணாடி இழை கொண்டுவரும் பையன், எங்கே ஓட்டை போடச் சுலபமோ அங்கே மோடத்தை மாட்டிவிட்டுப் போவான். பெரும்பாலும் வாசல் கதவுக்கு மேலே, வீட்டின் ஒரு கோடியில். பாதி அலை தெருவுக்குப் போகும். அதற்குப் பதிலாக வீட்டின் நடுவில், மாடிப்படிக்குக் கீழே அல்லது ஹாலும் படுக்கையறையும் சேரும் சுவரில், நெஞ்சு உயரத்துக்கு மேல் ஓர் இடம் ஒதுக்குங்கள். இரும்பு டிபி பாக்ஸுக்குள் வைக்கவே கூடாது, அலை வெளியே வராது, சூடும் ஏறும். அங்கே இரண்டு பிளக் பாயிண்ட் வேண்டும், இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்க நெட் மட்டும் செத்துக் கிடக்கும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். மோடம் எடுக்கிற கரண்ட் மிகக் குறைவு.

தெருவிலிருந்து அந்த இடம்வரை 25 மில்லிமீட்டர் பைப் ஒன்று வேண்டும். வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி கசிந்துவிடும், அதனால் இந்தப் பைப்பில் எல்போ போடாதீர்கள், நீண்ட பெண்டு போடுங்கள். நெட் வயருக்கும் அதுவே நல்லது.

பெட்டி இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு பைப். இங்கே எலக்ட்ரீஷியன் அண்ணன்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரண்ட் வயரைப்போல ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் அடித்து நெட் வயரைக் கொண்டுபோக முடியாது. நடுவில் கிள்ளி இரண்டாகப் பிரிக்கவும் முடியாது. ஒவ்வொரு அறையின் வயரும் பெட்டியில் ஆரம்பித்து அந்த அறையில் நேராக முடிய வேண்டும். பழைய போன் வயரிங் பழக்கத்தில் நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூட இதில்தான் சறுக்குகிறார்கள். நூறு மீட்டர்வரை ஒரே இழுப்பாகப் போகலாம். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

கரண்ட் பைப்பிலேயே நெட் வயரையும் சேர்த்துச் சொருகிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இரைச்சல் ஏறி வேகம் குறைவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், கரண்ட் வயரின் மேலுறை எங்காவது உரிந்தால் 230 வோல்ட் நெட் வயர் வழியாக ஒரு குழந்தையின் கம்ப்யூட்டருக்குப் போகலாம். தனிப் பைப், தனி பாக்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகத் தாண்டட்டும்.

மாடி உள்ள வீடாக இருந்தால் தளம் போடும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. மேல்தளத்து ஹாலின் நடுக்கூரைக்கு ஒரு பைப் போக வேண்டும். நெட் வயர் வழியாகவே கரண்டும் கொடுக்கும் முறை 2003-லேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. 15 வாட்டுக்கு மேல் அதில் அனுப்பலாம். அதனால் கூரையில் மாட்டும் வைஃபை கருவிக்குத் தனியாக பிளக் பாயிண்ட் வேண்டியதில்லை, ஒரே வயர் போதும். கம்பி கட்டி முடித்து, ஃபேன் பாக்ஸ் வைக்கும்போது அதோடு இன்னொரு பாக்ஸ் வையுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு இதைச் செய்யவே முடியாது.

இப்படிச் செய்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இடம் மாறாத கருவிகள் எல்லாம், அதாவது டிவி, மேசைக் கம்ப்யூட்டர், வாசல் கேமரா, வயரில் ஏறிக்கொள்ளும். காற்று காலியாகும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை தாராளமாகக் கிடைக்கும். மாடியில் தனி வைஃபை கருவி இருப்பதால் அங்கே படிக்கிற பிள்ளைக்கு முழு அலை. 2020 ஊரடங்கில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என்று மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்குச் சொந்த வீடும் இருந்தது, சொந்த அறையும் இருந்தது, வீட்டுக்கு இணைப்பும் இருந்தது.

வயரைப் பற்றி. வீட்டுக்காரர் வாங்கிவரும்போது பெரும்பாலும் கடையில் விலை குறைந்ததைத் தள்ளிவிடுகிறார்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசிய சரக்கு சந்தையில் நிறைய இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கையில் தூக்கினால் பெட்டியே லேசாக இருக்கும். வளைவில் முறியும், கரண்ட் அனுப்பினால் சூடேறும். சுவருக்குள் போகிற எதையும் சுத்தச் செம்பில் வாங்கச் சொல்லுங்கள். கேட் 6 என்று எழுதியிருந்தால் போதும், அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. உள்ளே எட்டு இழை இருக்கும். நாலு இழையை மட்டும் அடித்து மீதியை வெட்டிவிட்டால் நெட் வரத்தான் செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எட்டையும் அடித்தால் 1,000 வரை போகும். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை.

மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிற வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “நம்ம நெட்லருந்தே மேல ஒரு வயர் குடுத்துருங்க, குடியிருக்கவங்ககிட்ட மாசம் ஏதோ வாங்கிக்கலாம்” என்று வீட்டுக்காரர் உங்களிடம் சொல்வார். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் வீட்டு இணைப்பைக் காசுக்குப் பிரித்துக் கொடுப்பதைக் கம்பெனிகளின் ஒப்பந்தம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நான் முன்னே சொன்னபடி, வெளியே தெரிவது ஒரே முகவரி. மாடியில் யார் என்ன செய்தாலும் அது கீழே இருப்பவர் பெயரில்தான் நிற்கும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு ஃபிளாட் வாசலில் போய் நின்றது. அந்த வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவர் விசாரணையில் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே மாடி போர்ஷனுக்குத் தெருவிலிருந்து தனியாக ஒரு பைப் விடுங்கள், குடிவருகிறவர்கள் தங்கள் பெயரில் இணைப்பு வாங்கிக்கொள்ளட்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு மொட்டைமாடி வழியாகச் செம்பு வயரைத் தொங்கவிடுகிற வேலையும் வேண்டாம். கோடை இடியில் இரண்டு வீட்டுக் கருவிகளும் ஒன்றாகப் போகும்.

செலவைப் பற்றி வீட்டுக்காரர் கேட்டால், பைப்பையும் வெட்டுக்கூலியையும் மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சுவர் எப்படியும் வெட்டப்படுகிறது, ஆள் எப்படியும் நிற்கிறார். பூச்சுக்குப் பிறகு இதே வேலையைச் செய்தால் வெட்டு, பூச்சு, பட்டி, பெயின்ட் என்று எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதிகப் பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைப்பாரோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும், எனக்குத் தெரியும். இந்த மடலை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த மாதம் தளம் போடவோ பூச்சு ஆரம்பிக்கவோ ஒரு வீடு உங்கள் கையில் இருந்தால், நாளைக் காலை வேலை தொடங்கும் முன் வீட்டுக்காரரை நிறுத்தி, மோடம் எங்கே, டிவி எங்கே, பிள்ளையின் மேசை எங்கே என்று கேட்டுச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். பைப் பதித்ததும் உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, கலவை போகாமல் இரண்டு முனையையும் அடையுங்கள். எந்தப் பைப் எந்த அறைக்கு என்று இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதுங்கள். பூசுவதற்கு முன் அளவு டேப்பை ஓரமாக விரித்து வைத்து, ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு வருகிற என் போன்றவர்கள் கயிற்றைப் பிடித்து வயரை இழுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வீடுகளில் நெட் இணைத்துத் தரும் ஒருவன்